குஸ்தார் சிக்கிக்கொண்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பண்டாரவளையில் நான் நடத்தும் ஸ்பானிஷ் மாலை வகுப்புக்கு மலைப்பாதைகளில் வெளிநாட்டவரைக் கூட்டிப்போகும் பையன்கள் வருகிறார்கள். விடுதிகளில் வேலை செய்யும் பெண்களும், வீட்டில் ஒன்றிரண்டு அறையைப் பயணிகளுக்கு ஒதுக்கியிருப்பவர்களும் வருகிறார்கள். பெரும்பாலும் தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்கள், நானும் அப்படித்தான். ஸ்பெயினில் ஆகஸ்ட் விடுமுறை மாதம். கண்டியிலிருந்து எல்லவுக்கு வரும் ரயிலில் அந்த மாதம் ஸ்பானிஷ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கூடவே எனக்குப் போனும் வரத் தொடங்கும்: "அக்கா, அந்தக் குஸ்தா மறுபடியும் மாட்டிக்கிச்சு."

குஸ்தார் என்பது 'பிடிக்கும்' என்று சொல்ல ஸ்பானிஷ்காரர்கள் நாள் முழுக்கப் பயன்படுத்தும் வினைச்சொல். ஃபேஸ்புக்கை ஸ்பானிஷுக்கு மாற்றிப் பாருங்கள், கட்டைவிரல் படத்தோடு 'மே குஸ்தா' என்று இருக்கும். எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். இந்த ஒரு சொல்லில் வரும் பழுதுகள் ஏறத்தாழ எல்லாருக்கும் ஒரே மாதிரி. அவற்றைச் சரிசெய்து சரிசெய்து எனக்கு வரிசை பிடிபட்டுவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் பழுது எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசும் நேரமும் வேண்டாத சோதனை முதலில் வரும். அதில் சரியாகிவிட்டால் மேலே படிக்கத் தேவையில்லை.

எல்லாருக்கும் பொதுவாக இரண்டு விஷயம். ஒன்று, குஸ்தாவின் 'கு'வை 'குரு' என்று சொல்லும்போது வருவதுபோல் மெதுவாகச் சொல்லுங்கள். 'தா' நம்முடைய 'தாத்தா'வின் தா. ஆங்கிலப் பழக்கத்தில் 'டா' ஆக்க வேண்டாம். இரண்டாவது, இந்தச் சிறிய சொற்கள் தூக்கத்தில் கேட்டாலும் வாயில் வர வேண்டும்:

எனக்கு – மே
உனக்கு – தே
அவனுக்கு, அவளுக்கு, அவருக்கு, மரியாதையாக ஒருவரிடம் உங்களுக்கு – லே
எங்களுக்கு, நமக்கு – நோஸ்
ஸ்பெயினிலிருந்து வந்த கூட்டத்தைப் பார்த்து உங்களுக்கு – ஓஸ்
லத்தீன் அமெரிக்கக் கூட்டத்தைப் பார்த்து உங்களுக்கு – லெஸ்
அவர்களுக்கு – லெஸ்

ஸ்பெயின்காரர்களிடம் 'லெஸ்' சொன்னால் தப்பில்லை, கொஞ்சம் கூடுதல் மரியாதை, அவ்வளவுதான். எந்த நாட்டவர் என்று தெரியாத கூட்டத்துக்கு லெஸ் போதும்.

## அறிகுறி: 'யோ குஸ்தோ' என்று வாயில் வருகிறது, கேட்பவர் விழிக்கிறார்

அதிகம் வரும் பழுது இதுதான். 'யோ' என்றால் நான். 'யோ குஸ்தோ எல் தே' என்று சொன்னால் அவர்கள் காதில் 'நான் தேநீர் பிடிக்கும்' என்பது போல் விழும்.

முதல் சோதனை. வாயைத் திறப்பதற்கு முன் மனதில் ஓடிய வாக்கியம் எந்த மொழியில் ஓடியது? ஆங்கிலத்தில் ஓடியிருந்தால் பழுது அங்கேதான். ஆங்கிலம் 'நான்' என்று தொடங்கும். தமிழில் பிறந்த யாரும் 'நான் தேத்தண்ணி பிடிக்கும்' என்று சொல்ல மாட்டார்கள். 'எனக்குத் தேத்தண்ணி பிடிக்கும்' என்போம். ஸ்பானிஷும் அப்படியே 'எனக்கு' என்றுதான் தொடங்குகிறது. மே, எனக்கு. குஸ்தா, பிடிக்கும். எல் தே, தேத்தண்ணி. 'மே குஸ்தா எல் தே.' பிடித்த பொருள் கடைசிக்குப் போகிறது, அது மட்டுமே வித்தியாசம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆங்கிலம் சரியாக வராத நமக்கு இன்னொரு ஐரோப்பிய மொழி எங்கே வரப்போகிறது என்ற தயக்கத்தோடுதான் பல பிள்ளைகள் வகுப்புக்குள் நுழைகிறார்கள். இந்த வினைச்சொல்லில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்தான் தலைகீழாகப் புரண்டு பழக வேண்டியிருக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்குத் தாய் சொல்லிக்கொடுத்த 'எனக்கு' இங்கே அப்படியே பொருந்துகிறது. ஸ்பானிஷ்காரரின் 'தே'யும் நம் தேயிலையின் 'தே'யும் கூடச் சீனத்து ஹொக்கியன் பேச்சிலிருந்து கப்பலேறிய ஒரே சொல்தான்.

இரண்டாவது சோதனை, கொப்பியைத் திறந்து பாருங்கள். ஸ்பானிஷ் சொல்லுக்கு எதிரே ஆங்கிலப் பொருள் எழுதியிருக்கிறதா? அப்படியென்றால் ஒரு மாலை செலவழித்து அந்த வரிசை முழுவதையும் தமிழில் மாற்றி எழுதுங்கள். குஸ்தார் என்ற தனிச்சொல்லை எழுதாதீர்கள். 'மே குஸ்தா – எனக்குப் பிடிக்கும்' என்று முழுதாக எழுதுங்கள்.

மூன்றாவது, கைபேசிச் செயலியில் படிக்கிறவர்களுக்கு. அந்தச் செயலி பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் கற்றுக்கொடுக்கும். அதை விட வேண்டாம், ஆனால் ஒவ்வொரு வாக்கியம் வந்ததும் தமிழில் உரக்கச் சொல்லிவிட்டு அப்புறம் விடையை அழுத்துங்கள். இரண்டு மூன்று வாரத்தில் 'யோ குஸ்தோ' தானாக நின்றுவிடும்.

## அறிகுறி: குஸ்தாவா, குஸ்தானா என்று ஒவ்வொரு முறையும் தடுமாற்றம்

இங்கே தமிழ் கைகொடுக்காது. ஒரு நீர்வீழ்ச்சி என்றாலும் பத்து நீர்வீழ்ச்சி என்றாலும் நாம் 'பிடிக்கும்' என்றுதான் சொல்கிறோம். ஸ்பானிஷில் பிடித்தது ஒன்றென்றால் குஸ்தா, பலவென்றால் குஸ்தான்.

சோதனை: யாருக்குப் பிடிக்கிறது என்பதைப் பார்க்காதீர்கள். எது பிடிக்கிறது என்பதை விரலில் எண்ணுங்கள்.

ஒரு விரல்: 'மே குஸ்தா லா காஸ்காதா', இந்த நீர்வீழ்ச்சி பிடிக்கிறது.
பல விரல்: 'மே குஸ்தான் லாஸ் காஸ்காதாஸ்'. தலவாக்கலைப் பக்கம் சென் கிளேயர், டெவன் இரண்டையும் பார்த்துவிட்டு வருகிறவர் இப்படித்தான் சொல்வார்.

பார்க்கிறவர்கள் நாற்பது பேராக இருந்தாலும் பிடித்தது ஒரு பாலம் என்றால் 'லெஸ் குஸ்தா எல் புவெந்தே'. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தடியில் நின்று கூட்டத்தைப் பார்த்தபடியே பேசும் பையன்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். கண் கூட்டத்தில் இருக்கும், வாய் குஸ்தான் என்று போய்விடும்.

விரல் எண்ணியும் பிழை வருகிறதா? அப்படியென்றால் பிடித்தது பொருளா செயலா என்று பாருங்கள். செயல் என்றால் எத்தனை செயலானாலும் குஸ்தாதான். 'மே குஸ்தா காமினார்', எனக்கு நடக்கப் பிடிக்கும். 'மே குஸ்தா காமினார் இ கந்தார்', நடக்கவும் பாடவும் பிடிக்கும். நாம் 'நடக்க' என்று சொல்லும் இடத்தில் அவர்கள் 'காமினார்' என்கிறார்கள். அங்கே தமிழ் மறுபடியும் கைகொடுக்கிறது.

இன்னும் ஒரு சின்ன பொறி: 'மக்களுக்கு' என்பது நமக்குப் பன்மை. அவர்களுக்கு 'லா ஹேந்தே' ஒருமை. ஆகையால் 'ஆ லா ஹேந்தே லே குஸ்தா'. லெஸ் அல்ல.

## அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் வாக்கியம் ஏதோ மொட்டையாக இருக்கிறது என்கிறார்கள்

'மே குஸ்தா தே' என்று சொல்லியிருப்பீர்கள். நடுவில் 'எல்' இல்லை, ஆங்கிலத்தின் 'the' போன்ற சொல் அது. தமிழில் இப்படி ஒரு சொல்லே இல்லாததால் அது விழுந்துவிடுவது இயல்பு. குஸ்தாவுக்குப் பின்னால் பொருள் வந்தால் எல், லா, லோஸ், லாஸ் ஆகியவற்றில் ஒன்று கட்டாயம் ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயல் வந்தால் வேண்டாம்.

சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்வதுதான் மூல காரணம். 'தே – தேத்தண்ணி' என்று படிக்காமல் 'எல் தே', 'லா யுவியா' (மழை), 'எல் த்ரேன்' (ரயில்), 'லாஸ் மொந்தான்யாஸ்' (மலைகள்) என்று ஒட்டியே படியுங்கள். பழைய கொப்பி இருந்தால் சிவப்புப் பேனாவால் முன்னால் சேர்த்து எழுதுங்கள். அரை மணி நேர வேலை.

விருந்தினர் 'நோ மே குஸ்தா எல் பிகாந்தே' என்றால் காரம் பிடிக்காது என்கிறார். கட்டைச் சம்பலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். இதிலேயே இன்னொரு பிழைக்கும் மருந்து இருக்கிறது. சிலர் 'மே நோ குஸ்தா' என்கிறார்கள். 'நோ' எப்போதும் முதலில் வரும், மே அதற்குப் பின்னால்.

## அறிகுறி: அன்பாக ஒன்று சொன்னேன், அந்த விருந்தினர் விலகிப்போனார்

இதைப் பொறுமையாகப் படியுங்கள். அப்புத்தளைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு தம்பி, நல்ல வழிகாட்டி, ஒரு பெண் பயணியையும் அவருடைய நண்பர்களையும் மூன்று நாள் கூட்டிப்போனான். லிப்டன் இருக்கை வரை நடந்து, இறங்கி, தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தபோது அவர் காட்டிய பரிவுக்கு நன்றியாக 'மே குஸ்தாஸ்' என்று சொன்னான். அவன் நினைத்தது, 'உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, நல்ல மனுஷி நீங்க.' அவர் முகம் மாறிவிட்டது. அடுத்த நாள் அவர் வரவில்லை. அவன் என்னிடம் வந்தபோது அழாத குறை.

பெண் பார்க்கப் போன வீட்டில் 'பிடிச்சிருக்கு' என்றால் என்ன பொருள்? 'மே குஸ்தாஸ்' பெரும்பாலும் அந்தப் பிடிச்சிருக்குதான். தனியாக ஒருவரிடம் முகத்துக்கு நேரே சொன்னால் காதலாகவோ ஆசையாகவோதான் விழும்.

என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கிளை பிரித்துப் பாருங்கள்.

ஒருவரின் குணம் பிடித்திருக்கிறது என்றால்: 'மே காயே பியேன்', அவரை எனக்குப் பிடிக்கும், நல்லவர். பலர் என்றால் 'மே காயென் பியேன்'.
அவர் செய்த ஒன்று பிடித்திருக்கிறது என்றால் அந்தச் செயலையோ பொருளையோ சொல்லுங்கள்: 'மே குஸ்தா து காமரா', உன் கேமரா பிடித்திருக்கிறது.
நன்றிதான் சொல்ல வேண்டும் என்றால் 'கிராசியாஸ்' போதும். குஸ்தாரைத் தொடவே வேண்டாம்.

ஏற்கெனவே சொல்லிவிட்டீர்களா? உடனே 'பெர்தோன், மே காயே உஸ்தெத் மூய் பியேன்' என்று திருத்துங்கள். 'மன்னியுங்கள், உங்களை நல்லவராகக் கருதுகிறேன்' என்று பொருள். நேரம் கடந்துவிட்டால் நீங்களாகப் பின்னால் போய் விளக்காதீர்கள். விடுதிப் பொறுப்பாளரையோ குழுத் தலைவரையோ கொண்டு மொழிப் பிழை என்று சொல்லச் செய்யுங்கள். அந்தத் தம்பிக்கும் அப்படித்தான் செய்தோம். அவர் புரிந்துகொண்டார்.

இதன் பக்கத்திலேயே ஒரு இலக்கணச் சிக்கல். தமிழில் 'உன்னை' என்கிறோம், அந்த 'ஐ'யைத் தேடிக்கொண்டு 'மே தே குஸ்தா' என்று சிலர் கட்டுகிறார்கள். ஸ்பானிஷில் பிடிக்கப்பட்டவருக்கு 'ஐ' கிடையாது. அவர் யார் என்பது குஸ்தாரின் வாலில் தெரியும்: நீ என்றால் குஸ்தாஸ், அவள் என்றால் குஸ்தா.

## அறிகுறி: யாருக்குப் பிடிக்கும் என்று பெயர் சொல்லும்போது உடைகிறது

செல்விக்குத் தேத்தண்ணி பிடிக்கும். 'ஆ செல்வி குஸ்தா எல் தே' என்று சொல்கிறீர்கள். பாதி சரி. 'ஆ' என்பது நம் 'க்கு' என்ற உருபின் வேலையைச் செய்கிறது. ஆனால் 'லே'யும் கூடவே நிற்க வேண்டும்: 'ஆ செல்வி லே குஸ்தா எல் தே.' பேச்சில் நாமும் சில நேரம் 'செல்விக்கா, அவளுக்குத் தேத்தண்ணி பிடிக்கும்' என்று இரண்டு முறை சொல்கிறோம் அல்லவா, அந்த 'அவளுக்கு'தான் லே. நம்மிடம் அது விருப்பம், அவர்களிடம் கட்டாயம்.

'லே' மட்டும் தனியாக வந்து, யாரைச் சொல்கிறார்கள் என்று புரியவில்லையா? கேளுங்கள்: '¿ஆ கியேன்?' – யாருக்கு? வெட்கப்பட எதுவுமில்லை, அவர்களும் தங்களுக்குள் இப்படிக் கேட்பார்கள்.

## அறிகுறி: 'நானும்' என்று ஒத்துக்கொண்டால் பொருந்தவில்லை

அவர் 'மே குஸ்தா லா யுவியா' என்கிறார். நீங்கள் 'யோ தம்பியேன்' என்கிறீர்கள். அது 'நானும்'. தமிழில் யாராவது 'எனக்கு மழை பிடிக்கும்' என்றால் 'நானும்' என்பீர்களா? 'எனக்கும்' என்பீர்கள். 'எனக்கும்' என்பது 'ஆ மீ தம்பியேன்'. அவர் பிடிக்காது என்று சொல்லி நீங்களும் பிடிக்காது என்றால் 'ஆ மீ தாம்போகோ'. அவருக்குப் பிடிக்காதது உங்களுக்குப் பிடித்தால் 'ஆ மீ சி', மாறாக என்றால் 'ஆ மீ நோ'. சந்தேகம் வரும் இடத்தில் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், தப்பவே தப்பாது.

## அறிகுறி: 'மே' எல்லா இடத்திலும் நுழைகிறது

மேலே உள்ளவை எல்லாம் சரியானவர்களுக்குத்தான் இந்தப் பழுது வரும். 'எனக்கு' என்றால் 'மே' என்று ருசி கண்டுவிட்டால் எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எல்லாவற்றுக்கும் மே போட்டுவிடுவார்கள். தமிழ் இங்கே நம்மை அளவுக்கு மீறி முன்னால் தள்ளிவிடுகிறது.

சோதனை: 'எனக்கு' என்பதற்குப் பின்னால் தமிழில் என்ன வருகிறது?

பிடிக்கும், வலிக்கிறது என்று வந்தால் மே சரி.

பசி, தாகம், குளிர், வெக்கை, தூக்கம், பயம் என்று வந்தால் 'தெங்கோ'. அது 'என்னிடம் இருக்கிறது' என்ற சொல். தெங்கோ ஆம்ப்ரே, பசிக்கிறது. தெங்கோ செத், தாகமாக இருக்கிறது. தெங்கோ ஃப்ரீயோ, குளிர்கிறது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு அரைக்காற்சட்டையோடு வந்து இறங்குகிறவர்களிடம் இதைக் கேட்பீர்கள். தெங்கோ சுவேன்யோ, தூக்கம் வருகிறது. தெங்கோ மியேதோ, பயமாக இருக்கிறது. ஹோட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறையின் விளிம்பில் யாராவது இப்படிச் சொன்னால் வற்புறுத்தாமல் பின்னால் கூட்டி வாருங்கள்.

வயதும் பிள்ளைகளும் இதே கூட்டம். எனக்கு 25 வயது: 'தெங்கோ வெய்ந்திசிங்கோ ஆன்யோஸ்'. எனக்கு இரண்டு பிள்ளைகள்: 'தெங்கோ தோஸ் ஈஹோஸ்'.

தெரியும், வேண்டும், புரிகிறது என்று வந்தால் மேயும் இல்லை, தெங்கோவும் இல்லை. தெரியும் 'சே', தெரியாது 'நோ சே', வேண்டும் 'கியேரோ', புரிகிறது 'எந்தியேந்தோ'. 'எனக்கு' என்பதே வினைக்குள் அடங்கிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. எல்லவிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கினால் வெக்கை அடிக்கும். அங்கே 'தெங்கோ காலோர்' என்று சொல்லுங்கள். 'எஸ்தோய் காலியேந்தே' என்று சொல்லாதீர்கள், அதற்குக் கொச்சையான இன்னொரு பொருள் இருக்கிறது.

இந்தப் பழுது மட்டும் ஒரு நாளில் போகாது. நான் தரும் பயிற்சி இது. ஒரு வாரம், காலையில் எழுந்ததிலிருந்து தமிழில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு 'எனக்கு'வையும் மனதில் நிறுத்தி, அது எந்தக் கூட்டம் என்று பிரியுங்கள். ஸ்பானிஷில் சொல்லக்கூட வேண்டாம், பிரித்தால் போதும். ஒரு வாரத்தில் கை தானாகச் சரியான பெட்டிக்குப் போகும்.

## அறிகுறி: தேத்தண்ணி பிடிக்குமா என்று கேட்டேன், பிடிக்கும் என்றார், அப்புறம் காத்துக்கொண்டே இருந்தோம்

'¿லே குஸ்தா எல் தே?' என்றால் அது அவருடைய பொதுவான விருப்பத்தைக் கேட்கும் கேள்வி. நாம் வீட்டுக்கு வந்தவரிடம் 'தேத்தண்ணி பிடிக்குமா' என்றா கேட்கிறோம்? 'குடிக்கிறீங்களா' என்கிறோம். உபசரிக்க '¿கியேரே ஊன் தே?' போதும். கொஞ்சம் நயமாக வேண்டுமென்றால் '¿லே குஸ்தாரீயா ஊன் தே?' எல் போய் ஊன் வந்திருப்பதைக் கவனியுங்கள். ஊன் தே என்றால் ஒரு கோப்பை.

அவரும் 'மே குஸ்தாரீயா' என்று தொடங்கினால் அது கோரிக்கை. 'மே குஸ்தாரீயா வேர் லா ஃபாப்ரிகா' என்றால் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்க விரும்புகிறார். 'பிடிக்கும்' என்று மொழிபெயர்த்துக்கொண்டு சும்மா தலையாட்டி நிற்காதீர்கள்.

## அறிகுறி: பயணம் முடிந்து கருத்துக் கேட்கும்போது பதில் விசித்திரமாக வருகிறது

முடிந்துபோனதைக் கேட்க 'குஸ்தா' உதவாது. '¿லே குஸ்தோ?' என்று கேளுங்கள், அழுத்தம் கடைசியில் 'தோ'வில் விழட்டும். பிடித்தவை பல என்றால் 'குஸ்தாரோன்'. அழுத்தம் முன்னால் விழுந்தால் அது 'விருப்பம், ருசி' என்ற வேறு சொல் ஆகிவிடும். இதை எழுத்தில் பழக முடியாது. கைபேசியில் பதிவு செய்து நீங்களே கேட்டுப் பாருங்கள்.

ஸ்பெயின்காரர்கள் இன்று நடந்ததைப் பற்றிக் கேட்கும்போது பெரும்பாலும் '¿ஓஸ் ஆ குஸ்தாதோ?' என்பார்கள், நம்முடைய 'பிடிச்சிருக்கா' மாதிரி. இரண்டில் எது சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

மிகவும் பிடித்தது என்று காட்ட 'மே எங்காந்தா' இருக்கிறது. அதற்குள்ளேயே 'மிக' அடங்கியிருப்பதால் அதோடு 'மூச்சோ' சேர்க்க வேண்டாம். 'மே குஸ்தா மூச்சோ' சரி.

## அறிகுறி: குஸ்தார் காதில் விழுகிறது, ஆனால் 'பிடிக்கும்' என்ற பொருள் ஒட்டவில்லை

'மூச்சோ குஸ்தோ': அறிமுகமாகும்போது சொல்வது, உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி.
'கோன் மூச்சோ குஸ்தோ': தாராளமாகச் செய்கிறேன்.
'¿குஸ்தா?': மெக்சிகோ பக்கத்தவர் தாங்கள் சாப்பிடும்போது உங்களையும் அழைப்பது. கொஞ்சம் எடுத்துக்கொள்கிறீர்களா என்று பொருள்.
'கோமோ குஸ்தே': உங்கள் விருப்பம்போல்.
'திஸ்குஸ்தோ': ஆங்கிலச் சொல்லைப் போல ஒலிப்பதால் அருவருப்பு என்று நினைப்பார்கள். மனவருத்தம் அல்லது சச்சரவு என்றுதான் பொருள். அருவருப்புக்கு 'ஆஸ்கோ' என்ற வேறு சொல் இருக்கிறது. ஈரப் பாதையில் காலில் அட்டை ஏறியவர் 'கே ஆஸ்கோ' என்று கத்தினால் உங்கள் மேல் கோபமில்லை, அட்டை மேல்தான்.

வேறு ஏதாவது காதில் விழுந்தால் 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் அரச கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே தேடுங்கள்.

## எப்போது ஆசிரியரிடம் போக வேண்டும்

குஸ்தாவுக்குப் பின்னால் 'கே' வந்து இன்னொருவரின் செயல் தொடர்ந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். 'நீங்கள் எங்கள் ஊருக்கு வருவது எனக்குப் பிடிக்கும்' என்பது 'மே குஸ்தா கே வெங்கான்'. 'வியேனென்' என்று எல்லாரும் எதிர்பார்க்கும் வடிவம் அங்கே வராது. இந்த வடிவத்தைத் தனியாகத் தோண்டிக் கற்றுக்கொள்ள முயன்று மாதக்கணக்கில் சோர்ந்துபோனவர்களை எனக்குத் தெரியும். ஒரு நல்ல ஆசிரியர், இணையம் வழியாக என்றாலும், சில பாடங்களில் இதற்கு வழி திறந்துவிடுவார். அதற்குச் செலவழிக்கும் காசு வீணாகாது.

விலைப்பட்டியல், ஒவ்வாமை விவரமுள்ள உணவுப் பட்டியல், ஆபத்தான பாதைக்கான எச்சரிக்கைப் பலகை, முன்பதிவு நிபந்தனை: இவற்றை நீங்களும் எழுத வேண்டாம், நானும் எழுத மாட்டேன். தொழில்முறை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள்.

வேலைக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்றால் ஸ்பெயின் அரசு 1991இல் தொடங்கிய செர்வாந்தெஸ் நிறுவனத்தின் டெலே தேர்வு இருக்கிறது. ஆறு நிலைகள். இங்கே எழுதியதில் பெரும்பகுதி முதல் இரண்டு நிலைக்குள் வரும். அந்த 'கே' விவகாரம் மூன்றாவதில்.

## அறிகுறி: விருந்தினர் 'மே துவேலே' என்கிறார்

குஸ்தாரின் உடன்பிறப்பு இது, அதே அச்சு. எனக்கு முழங்கால் வலிக்குது: 'மே துவேலே லா ரோதியா'. இரண்டு முழங்காலும் என்றால் 'மே துவேலென் லாஸ் ரோதியாஸ்'. நாம் 'என் முழங்கால்' என்று சொல்லாததுபோல் அவர்களும் சொல்வதில்லை. 5,000க்கும் மேற்பட்ட படிகள் உள்ள சிவனொளிபாத மலைக்குக் கூட்டிப்போகிறவர்கள் இந்தப் பகுதியைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டியது: '¿தோந்தே லே துவேலே?' – எங்கே வலிக்கிறது?

கால், முழங்கால் என்றால்: உட்காரவைத்து, ஓய்வு கொடுத்து, இறங்க முடியுமா என்று பாருங்கள்.
தலை, 'லா கபேசா' என்றால்: தண்ணீர் கொடுங்கள், வெயிலிலிருந்து விலக்குங்கள். நேரமாகியும் குறையவில்லை என்றால் மேலே ஏறாதீர்கள்.
மார்பு, 'எல் பேச்சோ' என்றால், அல்லது 'மே ஃபால்தா எல் ஐரே', 'மே குவெஸ்தா ரெஸ்பிரார்' என்று மூச்சைப் பற்றிச் சொன்னால்: சொல் சரியாகக் கேட்டதா என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். 'குவெஸ்தா'வைக் 'குஸ்தா' என்று கேட்டு, மூச்சு விடப் பிடிக்கிறது என்று சொல்கிறாராக்கும் என்று குழம்பிய ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். குவெஸ்தா என்றால் கஷ்டமாக இருக்கிறது. உடனே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அழைத்ததும் தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது பாடசாலை, வாகனம் வரக்கூடிய கடைசி இடம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். விருந்தினரை நடக்க விடாமல் உட்காரவைத்து, 'யா வியேனே லா அம்புலான்சியா' என்று சொல்லுங்கள். அம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது.